நினைவஞ்சலியில் என் படம்

கேரி தீவு,
14 மார்ச் 2023

விளம்பரப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் பதினோராம் பக்கத்தில் நான் காலமாகிவிட்டதாகப் படத்துடன் வந்திருந்தது. நான் காலமாகவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

காலமானது என் மனைவி குமுதா. நான்கு வருடமாகிறது. வருடா வருடம் உங்கள் இதழில்தான் அவளுக்கு நினைவஞ்சலி போடுகிறேன். இந்த முறை அவள் படத்தை வைத்த உறைக்குள், ஆலையில் பாய்லர் இயக்கும் லைசென்ஸைப் புதுப்பிப்பதற்காக நான் எடுத்திருந்த பாஸ்போர்ட் படமும் எப்படியோ போய்விட்டது. அது என் தவறு. ஆனால் கீழே 'அன்பு மனைவி குமுதா' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, மேலே மீசை வைத்த ஒருவன் படத்தைப் போட்டது உங்கள் தவறு.

எழுத்தை யாரும் படிக்கவில்லை. படத்தைப் பார்த்ததுமே புறப்பட்டுவிட்டார்கள். காலை பத்து மணிக்குள் வாசலில் இரண்டு வேன், ஒரு லோரி. கிள்ளான் பக்கத்து மேருவிலிருந்து என் பழைய சிநேகிதன் தம்புசாமி மாலையும் கையுமாக வந்தான். நான் கைலியோடு கதவைத் திறந்ததும், "டேய், நீ சாகலையாடா?" என்று கத்திவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். மொத்தம் பதினாறு பேர். என் வீட்டில் இருப்பது நான்கு கோப்பை.

நஷ்ட ஈடு எதுவும் வேண்டாம். குமுதாவின் படத்தைச் சரியாகப் போட்டு மறுபடி வெளியிட்டால் போதும். என்னிடம் கைப்பேசி கிடையாது. பதில் இருந்தால் கடிதமாக எழுதவும்.

இப்படிக்கு,
உயிருடன் இருக்கும்
மு. யுகேந்திரன்


பிரிக்பீல்ட்ஸ்,
17 மார்ச் 2023

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் நூறாண்டு வாழ வேண்டும். அலுவலகக் கடிதத்தில் இப்படியெல்லாம் எழுதுவதில்லை, ஆனால் இந்தக் கடிதத்தில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தவறு அச்சகத்தின் மேல் இல்லை, என் மேல்தான். பிரிக்பீல்ட்ஸ் கவுண்டரில் பத்தொன்பது வருடமாக விளம்பரம் வாங்குபவள் நான். இதுவரை ஒருவரைக்கூடத் தவறுதலாகக் கொன்றதில்லை. அன்று கையில் முப்பத்திரண்டு விளம்பரம். விவரத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று முதலில் படங்களைப் பிரித்தேன். உங்கள் உறையிலிருந்து இரண்டு படம் விழுந்தன. ஒருவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொருவரைப் பார்த்தேன். பாவம், இவர்தான் போய்விட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். பொய் சொல்வதைவிட இது மேல் என்று பட்டது. மன்னித்துவிடுங்கள். உங்கள் மனைவியின் படம் வரும் ஞாயிறு பெரிய அளவில் வரும், கட்டணம் கிடையாது.

இன்னொன்று, இது அலுவலகக் கேள்வி இல்லை. பதினாறு பேருக்கு நான்கு கோப்பையில் எப்படித் தேநீர் கொடுத்தீர்கள்?

தங்கள் பணிவுள்ள,
ரமணி


கேரி தீவு,
9 ஏப்ரல் 2023

மதிப்பிற்குரிய ரமணி அவர்களுக்கு,

படம் நன்றாக வந்திருந்தது. நன்றி.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள் முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியைக் கொஞ்சம் நின்று பார்த்தேன். உங்களைக் குறை சொல்வதற்கில்லை.

தேநீர் விஷயம். முதல் நான்கு பேருக்குக் கோப்பையில் கொடுத்தேன். மற்றவர்களுக்குத் தம்புசாமி பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஸ்ட்ரா போட்டு, ஓரத்தில் ரப்பர் வளையம் மாட்டி, கடையில் கட்டித் தருவது போலத் தந்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பையை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள். கொண்டுவந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் குமுதாவின் படத்துக்கே போட்டோம். நான்கு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இந்த வீட்டில் சத்தம் கேட்டது. ஆலைக்குப் போவேன், வருவேன், கதவைச் சாத்திக்கொள்வேன், அவ்வளவுதான் என் பிழைப்பு.

குமுதா இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்பாள். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, எழுதிவிட்டேன். பதில் வேண்டியதில்லை.

யுகேந்திரன்


பிரிக்பீல்ட்ஸ்,
16 ஏப்ரல் 2023

அன்புள்ள ஐயாவுக்கு,

பதில் வேண்டியதில்லை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? எழுதக் கூடாது என்று இல்லையே!

தேநீர்ப் பையைப் படித்துவிட்டுக் கவுண்டரிலேயே சிரித்துவிட்டேன். எதிரில் ஒரு பெரியவர் கருமாதி விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, காரணத்தையும் சொன்னேன். பாவம், அவரும் சிரித்தார்.

உங்களைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு என்னைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் வேறொரு பெண்ணோடு ஜொகூருக்குப் போய்விட்டார், விவாகரத்தாகிப் பன்னிரண்டு வருடமாகிறது. உயிரோடு நலமாக இருக்கிறார். இப்படிப் போனவர்களுக்கு அஞ்சலி போட எங்களிடம் படிவம் கிடையாது. பிள்ளைகள் இல்லை. ஈப்போவில் ஒரு தங்கை, சீதாலெட்சுமி. என்னைக் கண்டால் புத்தி சொல்வதே அவளுக்கு வேலை.

என்ன சாப்பிடுகிறீர்கள்? சமைக்கத் தெரியுமா, இல்லை மெகி நூடுல்ஸ்தான் தினமுமா? உண்மையை எழுதுங்கள். இந்தப் பக்கம் வந்தால் ஒரு எட்டு வந்து போங்கள்.

அன்புடன்,
ரமணி


பிரிக்பீல்ட்ஸ்,
25 ஜூன் 2023

அன்புள்ள யுகேந்திரன் அவர்களுக்கு,

நேற்று நீங்கள் வந்ததை நீங்கள் எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறீர்களோ தெரியாது. இங்கே நடந்தது இதுதான். ஒருவர் கவுண்டருக்கு வந்தார், ஒரு பையை மேசைமேல் வைத்தார், "நண்டு" என்றார். நான் "என்னங்க?" என்றேன். "கேரி தீவு நண்டு" என்றார். பிறகு திரும்பிப் போய்விட்டார். ஐஸ் தண்ணீர் ஒழுகி ஒரு திருமண வாழ்த்தும் இரண்டு 'வீடு வாடகைக்கு' விளம்பரமும் நனைந்து போயின.

அந்தப் பாஸ்போர்ட் படத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் அவ்வளவு தூரம் நண்டைத் தூக்கி வந்த மனிதருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனே என்று மனசு கேட்கவில்லை. மிளகு போட்டு வறுத்தேன். ஆறு நண்டையும் தனியாகவே தின்றேன். அருமையாக இருந்தது. அதுதான் எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த முறை வந்தால் உட்கார வேண்டும். நாற்காலி இருக்கிறது.

அன்புடன்,
ரமணி


கேரி தீவு,
15 நவம்பர் 2023

அன்புள்ள ரமணிக்கு,

தீபாவளி முடிந்து நீங்கள் வீடு சேர்ந்த விவரம் உங்கள் அஞ்சலட்டையில் கண்டேன். ஜூலையிலிருந்து எத்தனை சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வந்துவிட்டேன், வாழை இலைச் சாப்பாட்டுக்கு எதிரில் உட்கார்ந்து "ஆமாம்", "இல்லை", "ரசம் நல்லாருக்கு" என்பதைத் தவிர என்ன பேசியிருக்கிறேன்? எழுதினால்தான் எனக்கு வருகிறது. அதற்காக நீங்கள் கோபித்துக்கொண்டதில்லை. அது பெரிய விஷயம்.

தீபாவளிக்கு நீங்கள் இங்கே வந்து போனதை இந்தத் தோட்டக் குடியிருப்பே பேசுகிறது. பேசட்டும். அடுப்படியில் ஒரு பாத்திரம்கூட உருப்படியாக இல்லை என்று நீங்கள் திட்டிய திட்டு நன்றாக இருந்தது. தம்புசாமி நேற்று வந்து, "டேய், முகம் மாறிடுச்சு லா உனக்கு" என்றான். என்ன மாறியது என்று கேட்டேன். "உயிர் வந்துருக்கு" என்றான்.

நீங்கள் முறுக்கு வைத்துவிட்டுப் போன டின் காலியாகிவிட்டது. சந்தோஷமாக இருக்கிறேன், ரமணி. எழுதவே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அன்புடன்,
யுகேந்திரன்


பிரிக்பீல்ட்ஸ்,
3 டிசம்பர் 2023

அன்புள்ள யுகேந்திரனுக்கு,

நேற்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். நீங்கள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த சந்தோஷத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

கவுண்டரை மூடுகிறார்கள். இனி விளம்பரமெல்லாம் இணையத்தில்தானாம். இந்த மாதம் 29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, எனக்குக் கடைசி நாள். செய்தி கேட்ட அன்றே சீதாலெட்சுமி அழைத்தாள். மேல்மாடி அறையைச் சுத்தம் செய்துவிட்டாளாம். ஜனவரி முதல் தேதி ஈப்போவுக்கு வந்துவிடு என்கிறாள். எனக்கு வாடகை வீடு, வேலை இல்லாமல் இந்த ஊரில் என்ன செய்யப்போகிறேன் என்று அவள் கேட்பது சரிதான்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், இந்த வயதில் வெட்கப்பட நேரமில்லை. எனக்குப் போக மனசில்லை. உங்களை விட்டுப் போக மனசில்லை. நீங்கள் இருக்கச் சொன்னால் இருப்பேன். சொல்லாவிட்டால் போவேன்.

என்றும் அன்புடன்,
ரமணி


கேரி தீவு,
10 டிசம்பர் 2023

அன்புள்ள ரமணி,

என்னிடம் கைப்பேசி ஏன் இல்லை என்று நீங்கள் ஒரு முறையும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன்.

குமுதா போன அன்று எனக்குக் காலை வேலை. பத்தரை மணிக்கு அழைத்தாள். பார்த்தேன். பாசாரில் நிற்கிறாள், மீன் வாங்கவா கோழி வாங்கவா என்று கேட்பாள் என்று நினைத்து எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். பாய்லரில் வேலை இருந்தது, சத்தத்தை அணைத்துப் பையில் போட்டேன். மூன்றாவது அழைப்பு வந்ததே தெரியாது. நெஞ்சு வலியோடு பாசார் வாசலில் உட்கார்ந்து அவள் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதைத் தம்புசாமியிடம்கூடச் சொன்னதில்லை. இப்படிப்பட்டவன் மறுபடி ஒருத்தியைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வேன் என்று எந்த வாயால் சொல்வது? தீபாவளி அன்று நீங்கள் இங்கே சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் குமுதா ஞாபகமே வரவில்லை. நீங்கள் போன பிறகு அதை நினைத்து வெட்கப்பட்டேன்.

உங்கள் தங்கை நல்லவர். ஈப்போ நல்ல ஊர். போய் நன்றாக இருங்கள். என்னைத் தப்பாக நினைக்காதீர்கள்.

யுகேந்திரன்


பிரிக்பீல்ட்ஸ்,
16 டிசம்பர் 2023

யுகேந்திரன் அவர்களுக்கு,

படித்தேன். அழுதேன். உங்களுக்காக, குமுதாவுக்காக, கொஞ்சம் எனக்காகவும்.

நீங்கள் செய்தது தவறில்லை என்று சொல்லமாட்டேன். அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை. எத்தனையோ கணவன்மார்கள் தினமும் செய்கிற காரியம், உங்களுக்கு அது அந்த நாளாக அமைந்துவிட்டது. நான்கு வருடமாக உங்களை நீங்களே தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள். அது உங்கள் விருப்பம். ஆனால் அந்தத் தண்டனையில் என்னையும் ஏன் சேர்க்கிறீர்கள்? நான் என்ன செய்தேன்?

முதல் தேதி காலையில் ரயில். சாமான்கள் கட்டியாயிற்று. இதற்குப் பதில் எழுத வேண்டாம். இந்த முறை எழுதக் கூடாது என்றே சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரமணி


29 டிசம்பர் 2023

ரமணி,

எழுதக் கூடாது என்று சொல்லியும் எழுதுகிறேன். பன்னிரண்டு நாளில் ஏழு கடிதம் எழுதிக் கிழித்தாயிற்று. இது எட்டாவது.

நேற்று தம்புசாமி வீட்டுக்குப் போய் அவனிடம் அந்த மூன்று அழைப்பையும் சொன்னேன். அவன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். பிறகு, "அந்தப் பொண்ணு எப்ப கிளம்புது?" என்று மட்டும் கேட்டான். திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். குமுதா போன நாளிலிருந்து நான் அழுததில்லை. எனக்கு அழுகை வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. குமுதா கூப்பிட்டபோது, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். இப்போது நீ கூப்பிடுகிறாய், அவளைக் காரணம் காட்டி உன்னையும் விடுகிறேன். இதற்குப் பெயர் தண்டனையா? அதே தவறை மறுபடி செய்கிறேன், அவ்வளவுதான். குமுதா இருந்தால் என் தலையில் குட்டியிருப்பாள்.

நான் நல்ல கணவனாக இருப்பேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. கூப்பிட்டால் வருவேன். அதைச் சத்தியமாகச் சொல்ல முடியும். உன் தங்கையிடம் பேச வேண்டுமென்றால் ஈப்போவுக்கும் வருகிறேன். அங்கேயும் எனக்குப் பேச்சு வராது, நீதான் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்ல வேண்டும்.

தபாலில் போட்டால் நாள் ஆகும், அதற்குள் நீ போய்விடுவாய். அதனால்தான் இதைக் கவுண்டருக்கே கொண்டுவந்து உன் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது நான் ஒன்றும் பேசியிருக்க மாட்டேன், அதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றால் நிற்கட்டும்.

போகாதே, ரமணி. என்னோடு இரு.

படித்து முடித்துவிட்டாயென்றால் நிமிர்ந்து பார். பதிலை எழுத வேண்டாம், சொல்.

உன்,
யுகேந்திரன்