காய்ச்சல் இறங்கிய பிறகு

இன்று மாலை நம் அடுக்குமாடிக்குக் கொசுப் புகை அடிக்க வந்தார்கள். வெள்ளைப் புகை படியேறி வந்து சமையலறைக்குள் நுழைந்ததும், அந்த டீசல் நாற்றத்தில் உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன மறுநாளும் இப்படித்தான் வந்தார்கள். பூட்டிக் கிடந்த உன் கதவைத் தட்டி, "ஆள் இல்லையா?" என்று கேட்டவனிடம் நான் கத்திய கத்தலில் மாடி முழுக்க வெளியே வந்துவிட்டது.

தோட்டத்தை மூடி ரப்பர் மரங்களை வெட்டியபோது ஒரே லாரியில் சாமான் ஏற்றி ஈப்போ நகரத்துக்கு வந்த சிநேகிதிகள் நாம். ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டு. ஒரு நாள்கூட எம்.சி. என்று மருத்துவ விடுப்பு எடுக்காத நீ, கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது, எலும்பெல்லாம் நொறுங்குகிறது என்று படுத்தாய். நாள்கணக்கில் கொதித்த காய்ச்சல் ஒரு காலையில் சட்டென்று விட்டது. "பாத்தியா, விட்டிருச்சு லா. நாளைக்கு வேலைக்கு வாரேன்," என்று சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாய். மதியத்துக்குள் குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியாக வந்தது.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் உன் சூட்டைப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே அக்கா. கேஸ்ட்ரிக்தான். வீட்டுக்குப் போங்க."

"நேத்து வரைக்கும் கொதிச்சுச்சு டாக்டர். எங்க புளோக்ல டிங்கிக் கொசுக் காய்ச்சல் இருக்கு. ரத்தம் எடுத்துப் பாருங்க," என்றேன்.

"அதான் இறங்கிருச்சே," என்றவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

மறுநாள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது உன் கை ஐஸாக இருந்தது. நாடி தட்டுப்படவேயில்லை. வார்டில் பெரிய டாக்டரம்மா சொன்னார்: "டிங்கியில காய்ச்சல் இறங்குற நேரந்தான் ஆபத்து. ரத்தக் குழாயிலேர்ந்து நீர் கசியும். வயித்து வலி, வாந்தி எல்லாம் அதுக்கு அறிகுறி. நேத்தே வந்திருக்கலாமே?"

"நேத்தே வந்தோம்," என்றேன். அவர் அதன்பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் சாவு வீட்டில் விதி என்றார்கள். எழுந்து வெளியே போய்விட்டேன். என்ன விதி? ஒரு குழாய் ரத்தம். அவ்வளவுதான் கேட்டேன். உன்மேலும் கோபம்தான். வலியில் துடித்துக்கொண்டே அந்த டாக்டரிடம் "தேங்க்யூ" சொல்லிவிட்டு எழுந்தாயே, எதற்கு? தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் முன்னால் கைகட்டி நின்ற பழக்கம் நம்மைவிட்டுப் போகவேயில்லை.

போன மாதம் தொழிற்சாலையில் நம் லைனில் வேலை செய்யும் பெண்ணுக்கும் இதே கதை. காய்ச்சல் விட்டது, வயிறு வலித்தது. அதே மருத்துவமனைக்குத்தான் கூட்டிப் போனேன். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். "ரத்தம் எடுக்காம நகர மாட்டேன்," என்றேன். செக்யூரிட்டியைக் கூப்பிடுவோம் என்றார்கள். "கூப்பிடுங்க," என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் எடுத்தார்கள். பிளேட்லெட் சரிந்திருந்தது. உடனே படுக்க வைத்து டிரிப் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

"ஏன்க்கா இவ்வளவு கோபம்? கொஞ்சம் ஆறுங்க," என்றான் அவள் புருஷன். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். ஆறமாட்டேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம் ஒன்றுதான். இதை யாருக்காகவும் தணிய விடப்போவதில்லை.