லக்கேஜ் அறையில் கற்ற இங்கிலீஷ்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. நீ அங்கே சளி, இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

நிற்க. போன வாரம் போனை வைக்கும் முன் ‘லுக் ஆஃப்டர் யுவர்செல்ஃப் பா’ என்றாயே, நானும் தெரிந்தவன் மாதிரி ஓகே ஓகே என்றுவிட்டேன். ஸ்டேஷன் லக்கேஜ் அறையில் இருபத்திரண்டு வருஷமாக இந்த ‘லுக் ஆஃப்டர்’ காதில் விழுகிறது, பெட்டியை நீட்டிக்கொண்டேதான் சொல்வார்கள், அதனால் அது பெட்டிக்கு மட்டும் உள்ள பேச்சு என்றே நினைத்திருந்தேன். வெட்கத்தை விட்டு டிக்கெட் கவுண்டர் மேடத்திடம் கேட்டேன். குழந்தை, நோயாளி, கடை, செடி, எதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டாலும் அதுதானாம், ஆஃப்டரை விட்டுவிட்டால் வெறுமனே பார்ப்பதாகிவிடுமாம். மூணு வாக்கியம் எழுதிக் காட்டுங்க என்றார். நான் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன், மனைவி என்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்று இரண்டை எழுதிவிட்டேன். மூன்றாவது உன்னைப் பற்றி எழுதப் போனேன், அங்கே உன்னை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரியாமல் பேனா ஓடவில்லை.

நீ வீட்டில் விட்டுப்போன நீலப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி அதே போனில் அம்மாவிடம் சொன்னாயாம், மறுநாள்தான் அவள் என்னிடம் சொன்னாள். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. வேலைக்குப் போனவன் என்னையறியாமல் ரிஜிஸ்டரில் உன் பெயரை எழுதி, நீலப் பெட்டி ஒன்று என்று பதிந்து, சீட்டும் கிழித்துவிட்டேன். சாயங்காலம் எண்ணிப் பார்த்த சூப்பர்வைசர் ஒரு பெட்டி குறையுது என்று குதித்தார். அலமாரிக்கு அடியிலெல்லாம் தேடினார்கள், விஷயம் தெரிந்தும் நானும் குனிந்து தேடினேன். கடைசியில், என் மக பெட்டி சார், வீட்ல இருக்கு என்றேன். திட்டுவார் என்று நின்றேன். முப்பது நாள்ல வந்து எடுத்துக்கணும்னு ரூல் இருக்கு, பாப்பாகிட்ட சொல்லுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெட்டியில் கிடப்பது நாலு பழைய சட்டையும் ஒரு கிழிந்த குடையும்தான், அதற்காக நீ இவ்வளவு தூரம் வரவேண்டாம், கொடு என்றால் கொடுத்துவிடுகிறேன். உன்னைப் பார்க்காமல் இருப்பதுதான் எனக்கு முடியவில்லை குட்டிம்மா. இனி வரப்போவதில்லை என்றால் அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, என்னிடமே சொல்லு. வருவாய் என்றால் தேதிகூட வேண்டாம், வருவேன் என்று ஒரு வரி எழுது.

நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே.

உன்னைக் கேட்டு யாரும் வந்தால் இன்னும் ‘ஊருக்குப் போயிருக்கிறாள்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும்
அப்பா