கடைசிப் பக்கத்து எழுத்து

கீழ்க்கட்டளை
9.7.2023

அன்புள்ள ஷாயிஸ்தா,

நலமா? யாசீன் அண்ணாவுக்குத் திருச்சி வெயில் பழகிவிட்டதா? ஸ்டாஃப் ரூமில் உன் நாற்காலியில் இப்போது கிறிஸ்டினா உட்காருகிறாள். உன்னைப் போல் பேப்பர் திருத்தும்போது தலையில் அடித்துக்கொள்வதில்லை; அதனால் அறையே மந்தமாக இருக்கிறது.

போன் செய்யாமல் இதென்ன கடிதம் என்று கோபப்படாதே. பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசினால் என் குரல் மூக்கு வழியாகப் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. காகிதம் என்றால் ஒரு கண்ணை மூடிக்கொண்டாவது எழுதலாம், நடுவில் கொஞ்சம் படுக்கலாம்.

நேற்று நாலாவது டாக்டரைப் பார்த்தோம். முந்தின நாளே லீவு போட்டு நன்றாகத் தூங்கினேன். காலையில் தலைக்குக் குளித்து, கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு, ஏழரைக்கே போய் முதல் டோக்கன் வாங்கினோம். டாக்டர் முன்னால் வாடிப்போய் நிற்கக் கூடாது என்பது அம்மா காலத்துப் பழக்கம். அவர் முட்டியில் தட்டினார், கையை மடக்கி இழுக்கச் சொன்னார். "நல்லா ஸ்ட்ராங்காத்தான் இருக்கீங்க மேடம். ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. டென்ஷனைக் குறைங்க" என்றார்.

வெளியே வந்து அழுதேன். தயாளனுக்குப் புரியவில்லை. "ஒண்ணும் இல்லன்னா நல்ல சேதிதான வினி? இதுக்குப் போயி யாராவது அழுவாங்களா?"

நாலு வருஷமாகிறது. எட்டாவது பீரியடில் பையன்கள் "மிஸ் மூக்கால பேசறாங்கடா" என்று சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சாயங்காலமானால் இடது இமை தொங்கிவிடுகிறது. துணி காயப்போடக் கையைத் தூக்கினால் நாலாவது துணிக்குமேல் முடிவதில்லை. பெற்றோர் புகார் சொல்கிறார்களாம். பொங்கலுக்குள் மருத்துவச் சான்று தராவிட்டால் வகுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறார் ஹெச்.எம். என்ன நோய் என்று எழுதித் தரச் சொல்வேன்? பேர் இல்லாத நோய் நம் குணம் என்றாகிவிடுகிறது ஷாயி. சோம்பேறி, நடிக்கிறாள், சிடுமூஞ்சி.

கை ஓய்ந்துவிட்டது. பதில் எழுது.

உன்
வினிதா


திருச்சி
24.7.2023

அன்புள்ள வினி,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. அப்பா போனபோது நீ அழவே இல்லை. அவர் போன பிறகுதானே இதெல்லாம் ஆரம்பித்தது? நாலு டாக்டர் ஒன்றையே சொல்கிறார்கள் என்றால், மனசுக்கான டாக்டர் ஒருவரைப் பார்த்தால் என்ன? அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தனியாகப் போகத் தயங்கினால் நான் வருகிறேன், கூட உட்காருகிறேன்.

தயாளன் அண்ணாவுக்கு என் சலாம்.

அன்புடன்
ஷாயிஸ்தா


கீழ்க்கட்டளை
12.11.2023

ஷாயிஸ்தா,

மூன்று மாதமாக எழுதாததற்குக் காரணம் உனக்குத் தெரியும்.

நீ சொன்னபடி கோவிலம்பாக்கத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். நல்ல பெண்மணி. ஒரு மணி நேரம் அப்பாவைப் பற்றிக் கேட்டார். நன்றாக அழுதேன். மனசு லேசானது நிஜம். ஆனால் அன்று சாயங்காலமும் இமை தொங்கியது.

சப்பாத்தி மெல்லும்போது பாதியில் தாடை நின்றுவிடுகிறது. கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு சாப்பிடுகிறேன். தயாளன் பார்க்காத மாதிரி டிவி பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

யார் நம்பாவிட்டாலும் நீ நம்புவாய் என்று இருந்தேன். அவ்வளவுதான். இனி உடம்பைப் பற்றி எழுதமாட்டேன்.

வினிதா


திருச்சி
30.11.2023

என் வினிக்கு,

முதலில் மன்னிப்பு. உன் உடம்பைக் கேட்காமல் நானாக ஒரு கதை கட்டிவிட்டேன்.

இரண்டாவது, உன் இரண்டு கடிதங்களையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கிழித்துவிடாதே, பார். சிவப்புக் கோடு போட்டது நான்தான்.

போன வாரம் அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின டெஸ்ட் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். பேப்பர் கட்டுக்கு நடுவில் உன் கடிதமும் கிடந்தது. நமக்குத்தான் தெரியுமே, கடைசிப் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளின் எழுத்தும் கோணலாகும். ஆனால் உன் எழுத்து வேறு மாதிரி. முதல் பத்தி அச்சடித்த மாதிரி. பிறகு கோட்டை விட்டு இறங்குகிறது, சுழி பாதியில் நிற்கிறது. அப்புறம் திடீரென்று மறுபடியும் அச்சு! நீ படுத்து எழுந்த இடம் அதுதானே? இரண்டு கடிதத்திலும் ஐந்து இடத்தில் அப்படி இருக்கிறது. துக்கம் இப்படிப் பத்தி பத்தியாகவா வந்து போகும்?

அடி பைத்தியமே, நீ லீவு போட்டுத் தூங்கி, கஞ்சிப் புடவையில் போய் முதல் டோக்கனில் உட்கார்ந்தால் அந்த மனுஷன் எதைப் பார்ப்பார்? முதல் பக்கத்தைத்தானே காட்டியிருக்கிறாய்! எட்டுப் பீரியடும் முடித்துவிட்டு, சாக்பீஸ் கையோடு, பஸ்ஸில் நின்றுகொண்டு போ. இந்தக் கடிதங்களையும் எடுத்துக்கொள்.

பதில் வராவிட்டால் கிளம்பி வந்துவிடுவேன்.

ஷாயி


கீழ்க்கட்டளை
21.1.2024

அன்புள்ள ஷாயி,

நீ சொன்னபடியே, டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பல்லாவரத்திலிருந்து தாம்பரம்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், தயாளனும் கூட வந்தார். டாக்டர் இளம் பெண். முகம் கழுவாமல் போனது எனக்குக் கூச்சமாக இருந்தது. உன் சிவப்புக் கோடுகளை ரொம்ப நேரம் பார்த்தாள். "யாரு மேடம் இது போட்டது?" "என் ஃபிரெண்ட். டீச்சர்." "அதான பார்த்தேன்" என்று சிரித்தாள்.

அண்ணாந்து உத்தரத்தையே பார்க்கச் சொன்னாள். ஒரு நிமிஷத்தில் இடது இமை ஷட்டர் மாதிரி இறங்கியது. பிறகு கையுறைக்குள் ஐஸ் கட்டி போட்டு இமைமேல் இரண்டு நிமிஷம் வைத்தாள். எடுத்ததும் தயாளன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "யம்மா, தொறந்துக்கிச்சு டாக்டர்!"

ரத்தப் பரிசோதனை உறுதி செய்துவிட்டது. மயஸ்தீனியா கிரேவிஸ். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேருவதில்லையாம். ஓய்வெடுத்தால் கொஞ்ச நேரம் சேருமாம். முழுசாகப் போகாது, மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம். நெஞ்சில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேன் பாக்கி இருக்கிறது. அது பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பேர் கிடைத்த அன்று நாங்கள் சரவணா கடையில் ஒரு பெட்டி ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனோம் என்றால் சிரிப்பாய். பஸ்ஸில் தயாளன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "நாலு வருஷம் வினி" என்றார். அவ்வளவுதான்.

சான்றைப் பார்த்த ஹெச்.எம். என் வகுப்புகளையெல்லாம் காலைக்கு மாற்றிவிட்டார்.

உன்மேல் கோபம் இருந்தது. ரொம்பவே. என் எழுத்தை இவ்வளவு கவனமாக வேறு யாரும் படித்ததில்லை என்று தெரிந்த பிறகு அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இது நாலாவது பக்கம். நடுவில் படுக்கவில்லை. நாலு மணி மாத்திரைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. எழுத்து எங்கே இறங்குகிறது என்று கோடு போட்டு அனுப்பு.

உன்
வினி