மேட்டு வீட்டின் காலி அறை

சுவா,
14 ஆகஸ்ட் 2021

அன்புள்ள அபிசாய்க்கு லித்தியா எழுதுவது.

நானும் நம் மகள் செரியானாவும் காய்ச்சல் தெளிந்து எழுந்து நடமாடுகிறோம். அவளுக்கு இருமல் விட்டுவிட்டது. நாக்கில் ருசிதான் இன்னும் வரவில்லை. மரவள்ளிக்கிழங்கும் டின் மீனும் ஒன்றுபோல இருக்கிறது என்கிறாள்.

"கடைசி நேரத்துல என் தங்கச்சி வசேமதா பக்கத்துல நீ இருந்தியே, அது போதும்" என்று போனில் அழுதீர்கள். நான் போனை மகளிடம் கொடுத்துவிட்டேன். அபிசாய், நான் பக்கத்தில் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஊரடங்கு போட்டதும் மேட்டு வீட்டு மேடம், "இங்கயே தங்கிடு, இல்லன்னா வேலைக்கு வரவே வேணாம். உங்க பகுதிக்குப் போயிட்டு வந்தா எங்களுக்குப் பயம்" என்றார். தையல் ஆலையை மூடியதில் வசேமதாவுக்கு ஏற்கெனவே வேலை இல்லை. என் வேலையும் போனால் என்ன சாப்பிடுவது? அவள்தான் என்னை அனுப்பினாள். "போங்க அண்ணி, புள்ளைய நான் பாத்துக்கறேன். சுடுதண்ணியில குளிச்சுக் குண்டாகி வாங்க" என்று சிரித்தாள்.

அங்கே நான்கு பேருக்கு ஏழு அறை. மாடிச் சன்னலில் நின்றால் அலையாத்திக் காட்டோரம் நம் தகரக் கூரைகள் தெரியும். அடிக்கடி கை கழுவுங்கள் என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. நம் பக்கம் நாற்பது வீட்டுக்கு ஒரு குழாய். அந்த வரிசையில்தான் வசேமதாவுக்குக் கொரோனா ஒட்டியிருக்க வேண்டும். அவள் அங்கே நின்ற நேரத்தில் நான் செம்பருத்திச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் போனில் பேசும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. "புள்ள என்கூடத்தான் படுக்குறா. இருக்கறது ஒரு அறை. மூஞ்சிய சுவத்துப் பக்கம் திருப்பிக்கிறேன்" என்றாள். மேட்டு வீட்டின் பின்பக்கம் தனிக் கதவோடு ஓர் அறை காலியாகக் கிடந்தது. கட்டில் உண்டு, குழாய் உண்டு. அவளை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க மூன்று முறை மேடம் முன்னால் போய் நின்றேன். ஒவ்வொரு முறையும் டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். "கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டாங்க, விடும்மா" என்கிறார் போதகர். இருக்கலாம். நான் கேட்கவில்லையே.

அவள் போனில் பேசிய ஐந்தாம் நாள் காலை செரியானா கூப்பிட்டாள். "அத்தை எழுந்திரிக்க மாட்டேங்குறாங்க" என்றாள். நம் சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது. ஆண்கள் பலகையில் வைத்துச் சாலை வரை தூக்கினார்கள். நான் ஓடி வந்தபோது பலகை மட்டும் திரும்பி வந்திருந்தது. கூட்டம் கூடக் கூடாது என்றதால் அடக்கத்தில் நம் வழக்கப்படி பாய் விரிக்கவில்லை, பாட்டும் பாடவில்லை. நம் பக்கத்தில் பதினோரு பேர் போய்விட்டார்கள். மேட்டுத் தெருவில் ஒருவரும் சாகவில்லை.

குழாய் வரிசையில் எனக்கு முன்னால் எப்போதும் ஒருத்தி இடுப்பில் வாளியோடு, கழுத்தைச் சாய்த்து நிற்கிறாள். திரும்பினால் வேறு யாரோ. திரும்பும் வரை வசேமதாதான். செரியானா இப்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்கிறாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

என்னைத் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அங்கே நீங்கள் வேலை செய்யும் தக்காளிப் பண்ணைக் கொட்டகையில் எட்டுப் பேர் நெருக்கிப் படுக்கிறீர்கள், ஒருவர் இருமிக்கொண்டே இருக்கிறார் என்று மகளிடம் சொன்னீர்களாம். முதலாளியிடம் வேறு இடம் கேளுங்கள். முகம் சுளித்தாலும் கேளுங்கள். இதைப் படித்த கையோடு போய்க் கேளுங்கள்.

ஆண்டவர் உங்கள் மூச்சைக் காக்கட்டும்.

உங்கள்
லித்தியா