மழையில் ஒரு சின்னச் சட்டை

அண்ணனூர்
ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு மோகனப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் அண்ணன் வீட்டாரும் சாமி புண்ணியத்தில் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொன்னாய், ஆனால் உன் குரல் அப்படிச் சொல்லவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். ஐந்தாவதோடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். உன் அண்ணன் மகள் வர்ஷா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். காலேஜ் போகிற பெண்ணாகிவிட்டாள், தெருவில் யாருக்குப் போன் மக்கர் செய்தாலும் அவளிடம்தான் வருகிறார்கள், என் பேத்தி என்று நானும் கூடவே போய் நிற்கிறேன். நைனாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. அயனம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டது, உன் சித்தி வீட்டில் கொசு தாங்கவில்லையாம்.

போன வாரம் நீ கூப்பிட்டு, நீ வேலை செய்த படம் எப்படிம்மா என்று கேட்டபோது சுற்றி எல்லாரும் நின்றார்கள், நான் சூப்பர் என்று சொல்லிப் போனை நைனாவிடம் கொடுத்துவிட்டேன். நீ விட்டாயா. போனைத் திரும்ப என்னிடமே கொடுக்கச் சொல்லி, பொய் சொல்லாதம்மா, வெறும் வெளிச்சம்தான், உள்ள ஒண்ணுமே இல்லன்னு எல்லாரும் எழுதறாங்க என்றாய். உன் சொந்தக் கதையில் ஒரு குட்டிப்படம் எடுத்துத் தா என்று உங்கள் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். நீயோ, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன், எனக்குக் கம்ப்யூட்டரில் மழையும் விளக்கும்தான் போட வரும், கதை வராது என்றாய். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை எனக்கு. இப்போது உண்மையைச் சொல்கிறேன், கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

நான், நைனா, வர்ஷா, ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற நம்ம நாகம்மா, நாலு பேரும் தியேட்டருக்குப் போனோம். என் கண்ணாடிக்கு மேலே 3டி கண்ணாடி என்று இன்னொன்றை மாட்டிவிட்டார்கள். அப்பப்பா, என்ன ஊர் அது கண்ணு. மேகத்துக்குள் போகிற கட்டிடம், அதில் பச்சையும் ரோஸுமாக மின்னுகிற எழுத்து, காரெல்லாம் காக்கா மாதிரி பறக்கிறது. பாதி முகம் இரும்பாக ஒருத்தன் வந்ததும் நாகம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மழை வந்தபோது வர்ஷா என் காதில், ஆயா, இது அத்தை போட்ட மழை என்றாள். நான் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டேன், புடவை நனைந்துவிடும் போல இருந்தது. பக்கத்து சீட்டுக்காரரிடம் என் பெண் பெய்த மழை என்று சொன்னேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்த்தால் பார்க்கட்டும்.

ஆனால் அந்தக் கதாநாயகன் யாரையோ தேடுகிறான், ஏன் தேடுகிறான் என்று தெரியவில்லை. கூட வந்த சிநேகிதன் செத்து விழுகிறான், இவன் குனிந்துகூடப் பார்க்காமல் தாண்டிப் போகிறான். அவ்வளவு பெரிய ஊரில் ஒருத்தரை ஒருத்தர் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. நைனா இரண்டு கண்ணாடியோடும் தூங்கிவிட்டார். வெளியே வந்ததும் நாகம்மா, இன்னா வசந்தாக்கா, படம் பூரா மழ ஊத்திகினே கீது, ஒருத்தனாவது தலைய தொவட்டினானா, அம்மாம் பெரிய ஊர்ல ஒரு துண்டு கூடவா இல்ல என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் வீடு வரைக்கும் அவளோடு பேசவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் அவள் சொன்னது சரி என்று பட்டது.

ஆனால் இன்னொன்றும் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது, அதற்காகப் புதன்கிழமை வர்ஷாவை மட்டும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். கதாநாயகன் கார் இரண்டு கட்டிடத்துக்கு நடுவில் பறக்கும்போது இடது பக்கம் பார் என்று சொல்லி வைத்தேன். மேலே ஒரு சின்ன ஜன்னல். கொடியில் துணி. மழை பிடிக்கிறது. ஒரு பொம்பளை கை வெளியே வந்து துணியை வாரி இடது தோளில் போட்டுக்கொள்கிறது, கடைசியாக ஒரு சின்னச் சட்டை, கை நிறைந்துவிட்டதால் ஜன்னலை முழங்கையால் இடித்துச் சாத்துகிறது. அவ்வளவுதான், கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. வர்ஷா தியேட்டரிலேயே, ஆயா, அது நீதான் என்று கத்திவிட்டாள். பின்னால் இருந்தவன், இன்னாம்மா, ஊட்ல டிவி பாக்கற மாதிரி கத்திகினு கீறீங்க என்று சத்தம் போட்டான்.

முழங்கையால் ஜன்னல் சாத்துகிறவள் நம் வீட்டில் நான் ஒருத்திதான், கீல் போய்விடும் என்று நைனா இன்றைக்கும் திட்டுகிறார். அதை யாரும் உன்னிடம் கேட்டிருக்க மாட்டார்கள், நீயாகத்தானே வைத்தாய். கார் பறந்து போய்விட்டது கண்ணு, நான் போகவில்லை. அந்தச் சட்டை யாருடையது, அந்தப் பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறதா, மழையில் எங்கேயாவது மாட்டிக்கொண்டதா, படம் முடிகிற வரைக்கும் எனக்கு அதே கவலை. அவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவில் நான் கவலைப்பட்டது அந்த ஒரு ஜன்னலுக்காகத்தான். கதை வராது என்கிறாயே, அது பின்னே என்ன? எழுதுகிறவர்கள் உன் மழையைக் குறை சொல்லவில்லை, நனைந்தவர்களை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள். அது அங்கே உன் வேலை இல்லை. இந்தக் குட்டிப்படத்தில் அது உன் வேலையாக இருக்கட்டும். நாகம்மாவிடம் ஜன்னலைப் பற்றிச் சொன்னேன், அப்போ அந்த ஜன்னல்காரியையே படம் புடிக்கச் சொல்லு ஒம் பொண்ண, நான் பூ கட்டிகினு வந்து மொத ஆளா குந்திக்கறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை சரி என்று சொல்லிவிடு. குலசாமி உன் கூடவே இருக்கும், நீ தொட்டது துலங்கும், நீயும் நீ படைக்கிற பிள்ளைகளும் நல்லா இருக்கணும். நீ இருக்கிற ஊரில் எந்நேரமும் மழையாமே, வெளியே போய் வந்ததும் முதலில் தலையைத் துவட்டு, ஈரத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே. போனில் கூப்பிடும்போது அந்தச் சட்டை யாருடையது என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே, படத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வரவுக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும்
அம்மா வசந்தா