பனிக்கட்டிமேல் வைத்த இலை

அன்புள்ள தங்கச்சி வாலுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், இதைப் படித்து முடித்த பிறகும். எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது. உன் சோதனையில் வந்த முடிவு தவறு. அப்பா போன பிறகு உன் மதிப்பெண் அட்டைக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவன் நான், அதனால் வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்கிறேன்.

நீ சோதனையை முடித்துவிட்டுப் போன எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் உன் செய்முறைப்படியே சோதனையைத் திருப்பிச் செய்தாள், கதிரியக்கத்தை எண்ணும் கருவியை ஓட்டியவன் நான். இலைத் துண்டுகளைக் கதிரியக்கக் குறியிட்ட அமினோ அமிலக் கரைசலில், ஒரு தட்டில் மிதக்கவிட்டோம், உனக்கு வந்த அதே எண் வந்தது, எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. சும்மா இருக்காமல், சரிபார்க்க அதேபோல் இன்னொரு தட்டைப் பனிக்கட்டிமேல் வைக்கச் சொன்னேன். செல்சவ்வில் இருக்கும் கடத்திப் புரதம் புரோட்டானோடு சேர்த்துத்தான் அமினோ அமிலத்தை உள்ளே இழுக்கும், அதற்கு ஆற்றல் வேண்டும், குளிரில் படுத்துவிடும், உனக்குத் தெரியாததா? எண் அடியோடு விழுந்திருக்க வேண்டும். கால்பங்குதான் குறைந்தது. கருவியைத் திட்டினேன், பிரித்தே பார்த்துவிட்டேன், அது ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு துண்டுகளை அமினோ அமிலம் இல்லாத குளிர்ந்த கரைசலில் நன்றாக அலசி அளந்தோம். பனிக்கட்டித் தட்டில் ஒன்றுமே இல்லை, மற்றதில் நீ சொன்னதில் கால்பங்கு. நீ அளந்ததில் பெரும்பகுதி செல்லுக்குள் போகவே இல்லை, செல்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. உன் செய்முறையில் அலசு என்று ஒரு வார்த்தை இல்லையேடி!

இடி விழுந்தவன்போல் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டாள், "அவ கழுவின தட்டுல நுரை இல்லாம எப்ப இருந்துச்சு, நான்தானே பின்னாடியே போய் அலசுவேன்" என்றாள். அப்புறம் முகம் மாறி, பட்டம் போய்விடுமா என்று கேட்டாள். போகலாம் என்றேன், பொய் சொல்ல வரவில்லை. உன் ஆய்வேடே அந்த எண்மேல்தானே நிற்கிறது, கொடுக்கப்போகும் நேரத்தில் இப்படியா?

உன் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரிடம் நீயே போய்ச் சொல். உன் வாயால் முதலில் வரட்டும் என்றுதான் இங்கே ஆய்வுக்கூடத் தலைவரிடம் இன்னும் பேசவில்லை, அந்தப் பெண்ணும் வாயை மூடிக்கொண்டு தவிக்கிறாள். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன், தங்கச்சி என்று பார்ப்பேன் என நினைக்காதே. கால்பங்கு உண்மையாகவே உள்ளே போகிறது, அதை வைத்து மறுபடி எழுது, எத்தனை வருடம் ஆனாலும் சரி.

சாப்பிடாமல் கிடக்காதே. எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, நீ நன்றாக வருவாய். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உண்மையைச் சொல்லிட்டு நிமிர்ந்து வரச் சொல்லு. பட்டம் இல்லாம வந்தாலும் பரவாயில்ல. தட்டை நான் அலசிக்கிறேன்."

உன் அண்ணன்