ரேடியோவில் பேசியது யார்?

அன்புள்ள அம்மாவுக்கு,

கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையிலிருந்து மகள் சுலோஜினி எழுதுவது. நான் சுகம். நீங்களும் தம்பி கிஷாந்தும் சுகமென்றுதான் போனில் சொல்கிறீர்கள். அதை நம்ப முடியாமல்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலைத் தேநீர் இடைவேளையில் நம் மலைநாட்டு வானொலியில் ஊர்க்குறை நிகழ்ச்சி கேட்டேன். நம் டயகமவிலிருந்து ஒரு அம்மா பேசினார்.

"பேரெல்லாம் வேணாங்க சாமி. லயத்து வீடுகளுக்குப் பைப்பு போட்டாங்க, தண்ணிதான் வரல. ஊத்துப் பீலிக்குத் தண்ணி எடுக்கப் போற பாதையில வழுக்கி விழுந்து ஒருத்தவங்களுக்குக் கை ஒடஞ்சு போச்சு."

"யாருக்கும்மா?" என்றார் அறிவிப்பாளர்.

"தெரிஞ்சவங்கதாங்க. அவங்க மக வெளியூர்ல இருக்கு, கேட்டா பயந்துரும்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. உங்கள் குரல் மாதிரியே இன்னொருவருக்கும் இருக்கலாம். அறிவிப்பாளரைச் சாமி என்று கூப்பிடுகிறவர்களும் நம் தோட்டத்தில் நிறைய. ஆனால், பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்டதே! தேயிலைக் கொழுந்து பறிக்கிற நேரத்தில் பிள்ளைமடுவத்தில் உங்களுக்கு என்ன வேலை? கொழுந்தெடுக்க முடியாதவர்களைத்தானே அங்கே பிள்ளை பார்க்க விடுவார்கள்? "தெனமும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறேன்" என்று நேற்றும் சொன்னீர்களே.

இங்கே சாப்பாடு பரவாயில்லை. நம் தோட்டத்துத் தேயிலைத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். கடைத்தூள் வாய்க்கு ஒத்துவரவில்லை. மிளகாய்த்தூள் இடித்து அனுப்பச் சொல்லியிருந்தேன், அது வேண்டாம். இங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். கிஷாந்திடம் உங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிரித்த முகம் மட்டும் போதாது. இரண்டு கையும் தெரியவேண்டும்.

மகள்
சுலோஜினி